அம்மாயி கையில் கோலம், நண்பன் தோளில் டிராகன்

எங்க வகுப்பில் ஒருத்தன் தோள்பட்டையில் ஜப்பான் டிராகன் குத்திக்கொண்டு வந்துவிட்டான். ஒரு வாரமாக சட்டைக் கையைச் சுருட்டிவிட்டபடியே திரிகிறான் :-) அதைப் பார்த்து எனக்கும் ஆசை. சேலத்தில் ஒரு கடையில் முழங்கைக்குக் கீழே ஒரு கெண்டை மீனுக்கு விலை கேட்டேன். சொன்ன தொகைக்கு ஒரு செமஸ்டர் ஃபீஸே கட்டிவிடலாம்.

கொண்டப்பநாயக்கன்பட்டி வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அப்பா முறைத்தார். அம்மாயி மட்டும் சிரித்தது. சேலையை ஒதுக்கி முன்கையைக் காட்டி, "இதுக்கா கண்ணு இத்தன காசு? எனக்கு ஒரு படி கம்புக்குக் குத்திவிட்டாங்க" என்றது. பச்சையும் நீலமுமாக மங்கிப்போன புள்ளிக்கோலம், பக்கத்தில் ஒரு தேள். இருபது வருஷமாகப் பார்த்த கைதான். அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தேன்.

குத்தியது ஊர் ஊராக வரும் குறவர் சமூகப் பெண்கள். விளக்குக்கரியைக் குழைத்து, சேர்த்துக் கட்டிய ஊசிகளால் புள்ளி புள்ளியாகக் குத்தி, மேலே மஞ்சள் தடவிவிடுவார்கள். ஜப்பானில் 'டெபோரி' என்பதும் கிட்டத்தட்ட இதுதான். குச்சி முனையில் ஊசிகளைக் கட்டி, மெஷின் இல்லாமல் கையாலேயே மையை ஏற்றுவது. முதுகு முழுக்க ஒரு படம் முடிய வருஷக்கணக்கில் ஆகும்.

இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அடி விழுந்தது. 1872ல் ஜப்பான் அரசு பச்சை குத்துவதைத் தடை செய்தது, மேல்நாட்டுக்காரர்கள் நம்மைக் காட்டுமிராண்டி என்று நினைப்பார்களே என்ற வெட்கத்தில். இங்கே 1871ல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். பச்சை குத்தக்கூடாது என்று அதில் இல்லை. ஆனால் 1911ல் சென்னை மாகாணத்துக்கும் வந்து, குறவர்களை ஊர் விட்டு ஊர் போகவே போலீஸிடம் கணக்குச் சொல்ல வைத்தது. ஊர் ஊராகப் போய்ச் செய்யும் தொழிலுக்கு இதைவிட வேறு தடை வேண்டுமா?

இதில் ஒரு வேடிக்கை. 1881ல் ஜப்பான் போன இங்கிலாந்து இளவரசர் ஒருவர் கையில் டிராகன் குத்திக்கொண்டார். அவர்தான் பின்னால் ஐந்தாம் ஜார்ஜ். 1911ல் நமக்கு ராஜா அவர்தான்! ராஜா கையில் இருந்தால் கலை, குத்துகிறவர் நம்ம ஊர்க்காரர் என்றால் கைநாட்டும் ரேகையும்.

ஜப்பானில் 1948ல் தடை போனது. இன்றும் பல பொதுக் குளியல் விடுதிகளில் டாட்டூ இருந்தால் உள்ளே விடுவதில்லை. ஆனாலும் குத்தும் ஆசானுக்குப் பெயர் இருக்கிறது, சீடர் இருக்கிறார், உலகமே தேடிப் போகிறது. இங்கே 1947ல் சென்னை மாகாணத்தில் சட்டம் போனது, சந்தேகம் போகவில்லை. அம்மாயிக்குக் குத்தியவர் பெயர் அம்மாயிக்கே தெரியாது. காமர்ஸ் பாஷையில் சொன்னால், அவர்கள் குட்வில்லைச் சொத்தாக எழுதிக்கொண்டார்கள், நாம் மொத்தமாக ரைட் ஆஃப் செய்துவிட்டோம்.

"ஒரே ஊசியில் ஊருக்கே குத்தினா நோய் வராதா?" என்று கேட்பீர்கள். வரும். மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி. எல்லாம் ரத்தத்தில் பரவக்கூடியவை. பழைய ஊசி திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. ஊசி ஆளுக்கு ஒன்று புதிதாக இருக்கட்டும். அந்தக் கோலமும் கைப்பழக்கமும் ஏன் போக வேண்டும்? அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சுத்தமாகக் குத்தக் கற்றுக்கொடுத்து, கடை வைக்கக் கடன் கொடுத்தால் டிராகனுக்குக் கொடுக்கும் காசை அவர்களுக்கும் கொடுக்கலாமே.

டிராகன் குத்தின நண்பன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஜப்பான் வேலை அழகுதான். தொலைவில் இருப்பது மட்டும்தான் கலை என்று நினைப்பதில்தான் சண்டை.

கெண்டை மீனை இப்போதைக்கு விட்டுவிட்டேன். அம்மாயி கைக்கோலத்தை நோட்டில் புள்ளி வைத்து வரைந்து வைத்திருக்கிறேன். "சாகும்போது தோடு மூக்குத்தியெல்லாம் கழட்டிக்குவாங்க கண்ணு, இத யாரு கழட்டுவா" என்றது அம்மாயி. வரைந்துகொண்டிருந்த கை கொஞ்ச நேரம் நின்றுவிட்டது.

உங்க வீட்டுப் பாட்டி கையில் என்ன இருக்கு? இன்னைக்கே கேட்டுப் பாருங்க.