உடல் நலம் பேணுவோம்: ஓட்டமா, சைக்கிளா?

சென்ற திங்கள் இதழ் வெளிவந்த பின், அல்சூர்வாசியாகிய அன்பர் ஒருவர் நம்மைக் கடைத்தெருவில் நிறுத்தி, "ஐயா, காலையில் ஏரிப்பக்கம் ஓடுவது நல்லதா, சைக்கிளில் வேலைக்குப் போவது நல்லதா? இரண்டுக்கும் நேரமில்லை, ஒன்றைச் சொல்லுங்கள்" என்று வினவினார். ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் மருத்துவம் பயின்றவரல்லோம். ஆயினும் இவ்வினாவை ஓராண்டாகவே மனத்தில் சுமந்து வருகிறோம். நம் மேசைக்கு அடுத்த மேசையில் பன்னிரண்டு ஆண்டுகள் அமர்ந்திருந்த நண்பர், தமது நாற்பத்து நான்காம் வயதில் மாரடைப்பால் மறைந்தார். மூத்த மகள் அப்போது பத்தாம் வகுப்பில் இருந்தாள். அன்றுமுதல் நாற்காலியைக் கண்டாலே நமக்குச் சற்று அச்சம்.

அச்சம் காரணமற்றதன்று. 1953-ஆம் ஆண்டில் ஜெரிமி மாரிஸ் என்னும் ஆங்கில மருத்துவரும் அவர்தம் குழுவினரும் இலண்டன் மாடிப் பேருந்துகளின் பணியாளரை ஆராய்ந்தனர். அமர்ந்தே வண்டி ஓட்டியவரைவிட, நாள் முழுதும் படியேறி இறங்கிய நடத்துநர்க்கு இதயநோய் குறைவாக இருந்தது. அஞ்சல் துறையிலும் அவ்வாறே; நடந்தும் சைக்கிளிலும் கடிதம் சேர்ப்பித்தவரைவிட, மேசையடியில் இருந்த குமாஸ்தாக்களுக்கே அந்நோய் மிகுதி. (ஓட்டுநர்கள் வேலைக்குச் சேரும்போதே சற்றுப் பருத்த இடையினர் என்பதைச் சீருடை அளவுகளைக் கொண்டு 1956-இல் அதே மாரிஸ் கண்டறிந்தார். தம் முடிவையே ஐயுற்று நோக்கிய அவர் நேர்மையை நாம் மெச்சுகிறோம்.)

இனி வினாவுக்கு வருவோம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஐந்து கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 300 கலோரி செலவாகும். அதே தொலைவைச் சைக்கிளில் கடந்தால் நூறளவே செலவாகும். உடலின் பாரத்தை வண்டி தாங்கிக்கொள்கிறதன்றோ! எனவே ஓட்டமே மேல் என்று முடிவு கட்டிவிட வேண்டா. தொலைவை விட்டு நேரத்தைக் கணக்கிடுங்கள். அரைமணி மிதமான ஓட்டத்திற்கு 250 கலோரி என்றால், சற்று விரைந்து மிதிக்கும் அரைமணிக்கு 200 ஆகும். வேற்றுமை பெரிதன்று.

வேற்றுமை பெரிதாக இருப்பது மூட்டுகளில்தான். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் விழுகிறது. நாம் இதை ஏட்டில் படிக்கவில்லை, பட்டே அறிந்தோம். நண்பர் மறைந்த மாதமே, ஆத்திரத்தில், பழைய செருப்புக்கடை காலணியோடு ஓடத் தொடங்கினோம். பத்தாம் நாள் முழங்காலுக்குக் கீழே எலும்பை ஒட்டி வலி கண்டு, மூன்று வாரம் நொண்டினோம். பின்னரே சைக்கிளுக்கு வந்தோம். மிதிகட்டை கீழே இருக்கையில் முழங்கால் சிறிதே மடங்கும்படி இருக்கையை உயர்த்தி வைத்தால் மூட்டு வலிக்காது. நம்மவர் பலர் தாழ்ந்த இருக்கையில் அமர்ந்து முழங்காலை வருத்திக்கொண்டு வண்டியைப் பழிக்கிறார்கள்.

எனினும் சைக்கிளுக்கும் ஒரு குறை உண்டு. அதிர்வு இல்லாத இடத்தில் எலும்பும் உரம் பெறுவதில்லை. சைக்கிள் பந்தய வீரர் பலருக்கு முதுகெலும்பின் அடர்த்தி குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆதலால் சைக்கிளில் செல்வோரும் விரைந்து நடத்தல், படியேறுதல் ஆகியவற்றைக் கைவிடலாகாது. ஓட்டமும் அளவோடு இருந்தால் போதும். ஐம்பத்தைந்தாயிரம் பேரைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2014-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், நாளொன்றுக்கு ஐந்து பத்து நிமிடம் மெதுவாக ஓடியவர்களுக்கும் இதயநோயால் இறக்கும் அபாயம் குறைந்திருந்தது.

அன்பர்க்கு நாம் சொன்ன விடை சைக்கிள் என்பதே. காரணம் கலோரி அன்று, நேரம். நம் வீட்டிலிருந்து அலுவலகம் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர்; போகக் கால்மணி, வரக் கால்மணி. வாரம் ஐந்து நாளைக்கு 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த குறைந்த அளவும் மிதமான உழைப்புக்கு அதுவே! ஓட்டத்திற்கோ விடியலில் தனி நேரம் வேண்டும். குழாய்த் தண்ணீரும் பள்ளிச் சாப்பாட்டு டப்பாவும் காத்திருக்கும் வீடுகளில் அந்த நேரம் யாருடையது என்பதை இல்லத்தரசிகள் அறிவர். கோபன்ஹேகனில் முப்பதாயிரம் பேரை ஆராய்ந்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், வேலைக்குச் சைக்கிளில் செல்லாதாரிடையே இறப்பு விகிதம், செல்வாரினும் 39 விழுக்காடு மிகுந்திருந்தது.

இல்லத்தரசிகளுக்குச் சைக்கிள் எதற்கு என்போர், 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரமாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றதை மறக்கலாகாது. அல்சூரில் அதற்குத் தடை நாணமன்று, போக்குவரத்து நெரிசலே. பழைய மதராஸ் சாலையில் மாலை ஆறு மணிக்குச் சைக்கிள் விடுமாறு நாம் எவரையும் தூண்டமாட்டோம். உட்தெருக்களில் செல்க, தலைக்கவசமும் பின்விளக்கும் இன்றிச் செல்லற்க.

ஓடியே தீருவோம் என்பவர்க்கு ஒரு சொல். பெங்களூரு கடல்மட்டத்திற்குமேல் 900 மீட்டர் உயரத்தில் உள்ள குளிர்ந்த ஊர். இங்கே பழகிய வேகத்தில், சித்திரை விடுமுறைக்குச் செல்லும் வேலூரிலோ திருச்சியிலோ ஓடினால் வெப்பம் தாக்கும். முதல் வாரம் பாதியளவே ஓடுக.

நெஞ்சில் இறுக்கம், சர்க்கரை, இரத்த அழுத்தம் உடையோர் மருத்துவரைக் கண்ட பிறகே தொடங்குக. நம்மை வழிமறித்த அன்பர் தம் முழங்காலைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. எழுதியனுப்பினால் அடுத்த இதழில் தொடர்வோம்.