முதலில் ஒரு தொட்டி

சிறுவயதில் வாய்க்கால் நீரில் கூனி இறாலைத் துணியால் அள்ளிய நினைவு உங்களில் பலருக்கு இருக்கும். அதற்கு உறவான இன்னொரு நன்னீர் இறால்தான், நகரத்து வண்ண மீன் கடைகளில் சிவப்பாக நீந்தும் ‘செர்ரி இறால்’. தைவான், சீனப் பகுதிகளைச் சேர்ந்த இது ஓர் அங்குலம்தான் வளரும். உணவு இறால்போல் கிலோ கணக்கில் அல்ல, எண்ணிக்கையில் விற்பனையாகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு உப்புநீரும் வேண்டாம். தாய் வாழும் நன்னீரிலேயே வளர்ந்துவிடும். ஆகவே, வீட்டுத் திண்ணையிலேயே செய்யத்தக்க உபதொழில் இது என்பதில் தவறில்லை.

ஆனால், எடுத்த எடுப்பில் கடன் வாங்கி ஐம்பது தொட்டி வைக்காதீர்கள். ‘குஞ்சு நாங்கள் தருகிறோம், வளர்ந்ததும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம்’ என்ற பேச்சை நம்பி ஈமு கோழியில் பணம் போட்டவர்களின் கண்ணீரை 2012-இல் கொங்கு மண்டலம் கண்டது. வளர்க்கத் தெரியாத உயிரில் முதலீடு செய்வது சூதாட்டம். ஒரே ஒரு தொட்டி வையுங்கள். அது ஒரு கோடையைத் தாண்டட்டும். பிறகு கணக்குப் போடலாம்.

அந்த ஒரு தொட்டிக்குப் பெரிய செலவு தேவையில்லை. மீன் வரும் தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கழுவி, சமதளப் பலகை மேல் வைத்தால் போதும். வெயிலின் சூடு உள்ளே எளிதில் இறங்காது. சிமென்ட் தொட்டி என்றால், சுண்ணாம்புக் காரம் போகும்வரை இரண்டு மூன்று வாரம் நீர் நிரப்பி மாற்றுங்கள். மருந்து வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் பயன்படுத்தாதீர்கள்.

வடிகட்டியையும் நீங்களே செய்யலாம். அரை அங்குல பிவிசி குழாயில் ஒரு சாண் நீளம் வெட்டி, அடிமுனையை மூடியால் அடைத்து, கீழ்ப்பாதியில் துளைகள் இடுங்கள். துளையுள்ள பகுதியை ஸ்பாஞ்சால் சுற்றிக் கட்டுங்கள். காற்று மோட்டாரின் மெல்லிய குழாயை மேலிருந்து அடிவரை இறக்குங்கள். காற்றுக் குமிழி மேலே ஏறும்போது நீர் ஸ்பாஞ்ச் வழியாக உள்ளே வரும், குஞ்சுகள் இழுபடாது. மின்சாரம் நின்றால் நீர் திரும்பி ஏறாதிருக்க, மோட்டாரை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் அலசக் கூடாது. தொட்டி நீரிலேயே அலசினால்தான் கழிவை மாற்றும் நுண்ணுயிர்கள் பிழைக்கும்.

நீர் விட்ட அன்றே இறாலை விடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. தயிருக்கு உறை ஊற்றிக் காத்திருப்பதுபோல நான்கு வாரம் காத்திருங்கள். ஒரு சிட்டிகை மீன் தீவனம் அவ்வப்போது போட்டு, பாசியும் நுண்ணுயிரும் பிடிக்க விடுங்கள். பிறகு பத்து இறால் வாங்கி வந்து, ஒரு பாத்திரத்தில் அதே நீரோடு வையுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் புதிய குளுக்கோஸ் குழாயால் உங்கள் தொட்டி நீரை அதில் சொட்டுச் சொட்டாக ஒன்றிரண்டு மணி நேரம் இறக்குங்கள். திடீரென நீர் மாறினால் இறால் தாங்காது.

தீவனம் குறைவாகவே போதும். காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்று, மருந்தடிக்காத வேகவைத்த கீரை சிறிது. இரண்டு மணி நேரத்தில் மிஞ்சியதை எடுத்துவிடுங்கள். உரித்துப் போட்ட ஓட்டைச் செத்த இறால் என்று எண்ணி அள்ளிவிட வேண்டாம். அதை இறாலே தின்று சுண்ணாம்புச் சத்தைத் திரும்பப் பெறும். தாய் இருபது முப்பது முட்டையை வயிற்றுக்கடியில் சுமந்து, மூன்று நான்கு வாரத்தில் குஞ்சு விடும். வெவ்வேறு நிறங்களை ஒரே தொட்டியில் கலந்தால் வருங்காலத் தலைமுறை மங்கிய பழுப்புக்குத் திரும்பிவிடும். பிறகு விலை போகாது. சித்திரை, வைகாசியில் நீர் 30 டிகிரியைத் தாண்டவிடாமல், நீர்ப்பரப்பின் மேல் சிறிய மின்விசிறி ஓட விடுங்கள்.

இத்தனையும் சரியாகச் செய்த விவசாயியின் தொட்டி ஒரே இரவில் செத்துப்போக ஒரு காரணம் உண்டு. அது நம் கையிலேயே இருக்கிறது. இறாலும் பூச்சியும் ஒரே கணுக்காலி இனம். பூச்சியைக் கொல்வது இறாலையும் கொல்லும். போர்டோ கலவைக்கு வாங்கும் மயில்துத்தமும் காப்பர் ஆக்சிகுளோரைடும் செம்பு. நீரில் செம்பு சிறிது கூடினாலும் இறாலுக்கு நஞ்சு. மருந்து அடித்த கையோடு தொட்டியைத் தொடாதீர்கள். தெளிப்பானுக்கு நீர் மொண்ட வாளியைத் தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள். அந்த அறையில் கொசுவத்தியும் வேண்டாம்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். லாபக் கணக்கை எழுதிக் காட்டும் முன், அந்த வீட்டில் மருந்து எங்கே இருக்கிறது, நீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வாங்குபவர் யார் என்பதை விவசாயியே கடைக்காரரிடம் நேரில் கேட்டறியச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. தொழில் பிடிக்கவில்லை என்றால் இறாலை ஏரியிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். கண்ணாடித் தொட்டிக்காக வந்த சக்கர் மீன் இன்று நம் நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழிக்கிறது. வேண்டாத இறாலை வளர்க்கத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். தொட்டியை மாற்றும் நீரையும் வாய்க்காலில் ஊற்றாமல் தென்னைக்கு விடுங்கள். வாய்க்காலில் கூனி இறாலுக்கும் இடம் இருக்கட்டும்.