இருக்கையைப் பார்த்து வண்டி வாங்கலாமா?

புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் குடும்பங்களில் வாகனம் என்பது ஒருபோதும் வெறும் போக்குவரத்துச் சாதனமாக மட்டும் இருந்ததில்லை. வேலை நிலைத்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. பிள்ளைகளைத் தமிழ்ப் பாடசாலைக்கும் நடன வகுப்புக்கும் ஏற்றிச் செல்வதும் அதுவே. திருமண மண்டப வாசலில் நாலுபேர் பார்க்க நிற்கும் கௌரவமும் அதுவே. அந்தக் கௌரவம் இப்பொழுது உயர்ந்த கூரையும் அகன்ற சக்கரங்களும் கொண்ட நாற்சக்கர இழுவை வண்டிகளின் உருவில் வந்து நிற்கிறது. புதிதாக வாங்கும் வசதி எம்மில் பலருக்கு இல்லை. ஆகவே பாவித்த வண்டியையே, சீட்டு எடுத்தோ வங்கியில் கடன்பட்டோ வாங்குகின்றனர். இதில் குற்றம் காண்பது எமது நோக்கமன்று. வாங்குகின்ற ஒழுங்கு தலைகீழாக இருக்கிறது என்பதே எமது வாதம்.

எம்மவர் பாவித்த வண்டியொன்றைப் பார்க்கச் செல்லும்பொழுது முதலில் கண்ணிற் படுவது தோல் இருக்கை. அடுத்தது கண்ணாடிக் கூரை. அதற்கடுத்தது பளபளக்கும் பெரிய சில்லுகள். எஞ்சினை இயக்கிப் பார்க்கின்றனர். சத்தமின்றி ஓடினால் திருப்தி அடைகின்றனர். எஞ்சினின் வலு எந்தச் சக்கரங்களுக்கு, எவ்வழியாகச் செல்கிறது என்ற கேள்வியை எழுப்புவோர் அரிது. நாம் கூறுவது இதற்கு நேரெதிரான வரிசை: முதலில் இழுவை முறை, அடுத்து எஞ்சின், கடைசியாகவே அலங்காரம். இருக்கை கிழிந்தால் ஓர் உறையால் மூடிவிடலாம். பின் அச்சுக்கு வலு செலுத்தும் பெட்டி பழுதடைந்தால் இரண்டு மாதச் சம்பளத்தையும் அது விழுங்கிவிடும். வண்டி திருத்தகத்தில் நிற்க, அதிகாலை வேலைக்குப் போக முடியாதவரின் நிலை அதனினும் மோசம். வேலையும் வருமானமும் வதிவிட அனுமதியோடு பிணைந்திருக்கும் எமக்கு இது சிறிய விடயமன்று.

முதற் கேள்வி, நாற்சக்கர இழுவை எமக்கு வேண்டுமா என்பதே. பான் நகரம் ரைன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்தது. இங்கு பனி விழுந்தாலும் நாட்கணக்கில் தரித்து நிற்பது அரிது. செங்குத்தான ஏற்றம் என்றால் பல்கலைக்கழக மருத்துவமனை அமைந்துள்ள வேனுஸ்பேர்க் குன்றையும், ஆற்றின் அக்கரையிலுள்ள சீபன்கெபிர்கே மலைச்சாரலையும் கூறலாம். வேனுஸ்பேர்க்குக்குப் பேருந்து ஓடுகிறது. நகருக்குள்ளும், கேள்னுக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலும், ஆண்டில் ஓரிரு தடவை ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் ஆலயத்துக்கும் ஓடுகின்ற குடும்பத்துக்கு இரு சக்கர இழுவையே தாராளமாகப் போதும். ஐபல் மலைக் கிராமங்களில் குடியிருந்து, வீதிக்கு உப்புத் தூவுமுன்னரே வேலைக்குப் புறப்படுவோரின் நிலை வேறு. சந்தைக் கடைக்கோ விழாச் சமையலுக்கோ பாரமான இழுவைப் பெட்டியைக் கொண்டு செல்வோரின் நிலையும் வேறு. அவர்களுக்கு நான்கு சக்கர இழுவை ஆடம்பரமன்று, தேவை.

“பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவே வாங்குகிறோம்” என்று கூறும் பெற்றோரின் அக்கறையை நாம் மதிக்கின்றோம். ஆயினும் ஓர் உண்மையை அவர்கள் அறிதல் வேண்டும். நான்கு சக்கரங்களும் இழுப்பதால் வண்டி புறப்படுவதுதான் எளிதாகும், நிற்பது எளிதாகாது. பனியில் தடுப்பை அழுத்தும்பொழுது வண்டியை நிறுத்துவது ரயர் மட்டுமே. பாரம் கூடிய வண்டி நிற்பதற்கு அதன் ரயர்கள் இன்னும் அதிகமாகப் பாடுபட வேண்டும். பனி, உறைபனி காலங்களில் அதற்கேற்ற ரயர்களுடன் மட்டுமே ஓடவேண்டும் என்பது ஜேர்மனியின் சட்டம். 2024 ஒக்ரோபர் முதல், மூன்று சிகரங்கொண்ட மலையும் பனித்துகளும் பொறித்த ரயர்களையே அச்சட்டம் ஏற்கிறது. எம் பிளஸ் எஸ் என்ற பழைய எழுத்துகள் மட்டும் இருந்தால் போதாது. ஆகவே பனிக்கால ரயர் இல்லாத நாற்சக்கர வண்டியைவிட, நல்ல பனிக்கால ரயர் பூட்டிய சாதாரண வண்டி பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது.

இனி, நாற்சக்கர இழுவை என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேறு பொருட்கள் இருக்கின்றன. முதலாவது, ஓட்டுபவர் தாமே இணைத்துக்கொள்ளும் முறை. சுசூக்கி ஜிம்னி இதற்கு எடுத்துக்காட்டு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே வேக வேறுபாட்டை ஈடுசெய்யும் அமைப்பு இதில் இல்லை. ஆதலால் காய்ந்த தார் வீதியில் இணைத்தபடியே ஓடினால் பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று இழுபட்டுத் தேயும். இரண்டாவது, எக்காலமும் நான்கு சக்கரங்களுக்கும் வலு செல்லும் முறை. சுபாரு பொறெஸ்ரர், ரொயோட்டா லான்ட் குறூசர், 2005 இல் வந்த சுசூக்கி கிரான்ட் விற்றாரா ஆகியன இவ்வகையின. உறுதியானவை, எரிபொருளைச் சற்று அதிகமாகக் குடிப்பவை. மூன்றாவது, முன் சக்கரங்கள் வழுக்கும்பொழுது மட்டும் பின் சக்கரங்களுக்கு வலுவை அனுப்பும் முறை. கொண்டா சி.ஆர்.வி., 2006 இன் பின்னரான ரொயோட்டா றாவ் போர், வொல்க்ஸ்வாகன் ரீகுவான் முதலியன இம்முறையின. நகர வாழ்வுக்கு இது போதுமானது. ஆனால் பின் அச்சை இணைக்கும் பகுதிக்கும் உரிய காலத்தில் எண்ணெய் மாற்ற வேண்டும். பழைய சொந்தக்காரர் அதைச் செய்தாரா என்பதற்குப் பற்றுச்சீட்டைக் கேளுங்கள்.

இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். இதே வண்டிகளிற் பல, இரு சக்கர இழுவையுடனும் விற்கப்பட்டவை. வெளித் தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. விற்பவரின் வாயையோ பின் கதவில் ஒட்டிய எழுத்தையோ நம்பத் தேவையில்லை. வண்டியின் பதிவுப் பத்திரத்தில் 9 ஆம் இலக்கக் கட்டத்தைப் பாருங்கள். இழுக்கும் அச்சுகளின் எண்ணிக்கை அங்கே எழுதப்பட்டிருக்கும். 2 என்றிருந்தால் நாற்சக்கர இழுவை. 1 என்றிருந்தால் வெறும் உயரமான கார். பின்பு நான்கு ரயர்களையும் பாருங்கள். அளவிலோ தேய்விலோ பெரிய வேறுபாடு இருந்தால், அந்த வேறுபாட்டை இழுவைத் தொகுதி நாள்தோறும் சுமந்து வந்திருக்கிறது என்பது பொருள். வெறுமையான தரிப்பிடத்தில் சுக்கானை முழுவதும் ஒடித்து மெதுவாக வட்டமடித்துப் பாருங்கள். இழுத்துப் பிடிப்பதுபோன்ற உணர்வோ தடதடப்போ இருந்தால் விலை பேசாமல் விலகிவிடுவதே நன்று.

அடுத்தது எஞ்சின். “டீசல் மலிவு, டீசல் நீடித்து உழைக்கும்” என்பது எம்மிடையே வேதவாக்காகிவிட்டது. நெடுந்தூரம் ஓடுபவருக்கு அது இன்றும் பெரிதும் உண்மைதான். ஆனால் எம்மவர் பலரின் ஓட்டம் எத்தகையது? அதிகாலையில் ஆறு கிலோமீற்றர் வேலைக்கு. மதியம் ஆறு கிலோமீற்றர் வீட்டுக்கு. மாலையில் கடைக்கும் பாடசாலைக்கும். டீசல் எஞ்சின் சூடேறுமுன்னரே பயணம் முடிந்துவிடுகிறது. டீசல் புகையின் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி, எஞ்சின் நன்கு சூடேறிச் சிறிது நேரம் ஓடினால்தான் அக்கரியை எரித்துத் தன்னைத் துப்புரவு செய்யும். குறுந்தூர ஓட்டத்தில் அது அடைபடும். அதை மாற்றும் செலவு, டீசலில் ஆண்டுக்கணக்காக மிச்சம்பிடித்த பணத்தை ஒரே நாளில் திருப்பி எடுத்துவிடும்.

வரியையும் கணக்கிற் சேருங்கள். 2009 ஜூலை முதல் முதற்பதிவு செய்யப்பட்ட வண்டிகளுக்கு, எஞ்சின் கொள்ளளவின் ஒவ்வொரு 100 கன சென்ரிமீற்றருக்கும் பெற்றோலுக்கு 2 யூரோவும் டீசலுக்கு 9.50 யூரோவும் ஆண்டு வரியாகும். இரண்டு லீற்றர் எஞ்சினுக்கு இவ்வகையில் பெற்றோல் வண்டி 40 யூரோவும் டீசல் வண்டி 190 யூரோவும் செலுத்தும். கரியமில வாயுவுக்கான தொகை இதற்கு மேலதிகம். பாரமான நாற்சக்கர வண்டிகள் அவ்வாயுவை அதிகமாக வெளியிடுவதால் அத்தொகையும் உயரும். பதிவுப் பத்திரத்தின் வி.7 கட்டத்தில் அந்த அளவு உள்ளது. காப்புறுதிக் கட்டணம் வண்டியின் வகைக்கும் எஞ்சினுக்கும் ஏற்ப மாறுவது. வாங்கிய பின்னரன்று, வாங்குமுன்னரே அதை விசாரியுங்கள்.

டீசல் குறித்துப் பான் நகரம் எமக்குத் தனியாக ஒரு பாடம் புகட்டியிருக்கிறது. நகர மையத்தில் 2010 இல் சூழல் வலயம் ஏற்படுத்தப்பட்டு, பின்னர் பச்சை ஒட்டி உள்ள வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி என இறுக்கப்பட்டது. 2015 செப்ரெம்பரில் வொல்க்ஸ்வாகன் டீசல் எஞ்சின்களின் புகை மோசடி உலகறிய வெளிப்பட்டது. 2018 நவெம்பரில் கேள்ன் நிர்வாக நீதிமன்றம், பானின் பெல்டெர்பேர்க், றொயிற்றர் வீதிகளில் பழைய டீசல் வண்டிகளைத் தடைசெய்யும்படி தீர்ப்பளித்தது. பிற்பாடு இணக்கம் காணப்பட்டு அத்தடை நடைமுறைக்கு வரவில்லை. ஆயினும் ஒரு தீர்ப்பினால் பழைய டீசல் வண்டியின் எதிர்காலம் எவ்வளவு ஆட்டங்காணும் என்பதை அன்று எல்லோரும் கண்டோம். ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீற்றருக்குள் ஓடும் குடும்பத்துக்குச் சாதாரண பெற்றோல் எஞ்சினே ஏற்றது என்பது எமது துணிபு. எரிபொருள் சற்று அதிகம் செல்லும். ஆனால் அது மாதாமாதம் தெரிந்தே செல்லும் பணம்.

இவை இரண்டும் சரியான பின்னரே அலங்காரத்துக்கு இடம். அதிலும் பயனுள்ளது, பயனற்றது என்ற பிரிவு உண்டு. குழந்தை இருக்கையைப் பொருத்தும் கொளுவி, இழுவைக் கொக்கி, சூடேறும் இருக்கை ஆகியன நாளாந்தம் உதவுபவை. பெரிய சில்லுகளுக்கு ரயரின் விலை கூடும். திறக்கும் கண்ணாடிக் கூரையின் நீர்வடிகுழாய் அடைபட்டால் மழைநீர் உள்ளே வரும். காற்றினால் உயர்ந்து தாழும் தொங்கமைப்பு, பழைய வண்டியிற் பெருஞ்செலவுக்கு அழைப்பு. உயர்தரப் பதிப்பின் பத்து ஆண்டுப் பழைய வண்டியைவிட, எளிய பதிப்பின் ஆறு ஆண்டு வண்டி அதே விலைக்குக் கிடைக்குமாயின், பின்னையதையே தெரிவு செய்க.

வாங்கும் இடமும் முக்கியம். ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் தொழினுட்பப் பரிசோதனை வண்டியின் அன்றைய பாதுகாப்பையே சொல்லும். எஞ்சினின் ஆயுளைச் சொல்லாது. தனியார் ஒருவர் விற்கும்பொழுது தமது பொறுப்பை ஒப்பந்தத்தில் விலக்கிக்கொள்ளலாம். வியாபாரியோ அதை ஓராண்டாகக் குறைக்கலாமேயன்றி முற்றாக நீக்க முடியாது. 2022 ஜனவரி முதல், வாங்கி 12 மாதங்களுக்குள் தென்படும் குறை ஆரம்பத்திலேயே இருந்ததாகக் கருதப்படும். இல்லையென நிறுவுவது வியாபாரியின் கடமை. ஆகவே வியாபாரி “ஏற்றுமதிக்கு மட்டும்” என்றோ, திருத்தி எடுப்பவருக்கான வண்டி என்றோ தாளில் எழுதினால் கையெழுத்திடாதீர்கள். மொழி விளங்காவிடில் வளர்ந்த பிள்ளையையேனும், தொழில் தெரிந்த நண்பரையேனும் அழைத்துச் செல்லுங்கள். இதில் வெட்கப்பட ஏதுமில்லை.

புகலிடக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருக்கும் உறவுகளுக்கு ஒரு சொல். கொடுப்பனவு பெறுபவரின் பெயரிலுள்ள வண்டி அவருடைய சொத்தாகக் கணக்கிடப்படலாம். உறவினரின் வண்டியை உதவிக்காகத் தம் பெயரில் பதிய முன்வருவோர், முதலில் ஆலோசனை நிலையத்தில் விசாரித்தபின் முடிவெடுக்கட்டும்.

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை நிலவிய தொண்ணூறுகளில், மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடியதை எம்மில் மூத்தோர் அறிவர். அவற்றின் இருக்கை கிழிந்திருந்தது, வர்ணம் உதிர்ந்திருந்தது. ஆனால் நோயாளிகளை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்த்தவை அவைதாம். எஞ்சின் எப்படி மூச்சுவிடுகிறது என்பதை அன்று வண்டிக்காரர் மட்டுமன்றி ஊரே அறிந்திருந்தது. அந்த அறிவைக் கடல் கடந்தபொழுது நாம் கைவிட்டு வந்திருக்கத் தேவையில்லை. யானையைக் கட்டித் தீனி போட வல்லவர் யானை வாங்கட்டும். ஏனையோர், தம் பாதைக்கும் வருமானத்துக்கும் ஏற்ற வண்டியை வாங்கி, நிம்மதியாக நித்திரை கொள்ளட்டும்.