நடுத்தரம் என்பது குறைபாடன்று: கணினி வாங்கவிருக்கும் ஆய்வு மாணவர்க்கு

நிலுவையில் இருந்த உதவித்தொகை மொத்தமாக வந்து சேரும் மாதங்களில் ஆய்வு மாணவர் விடுதிகளில் தவறாமல் எழும் ஒரு கேள்வி உண்டு. விளையாடவும் ஆய்வுப்பணி செய்யவும் ஒரு மேசைக்கணினி வாங்க வேண்டும்; நடுத்தரச் செயலி போதுமா, உயர்நிலைச் செயலியே வாங்கிவிடலாமா? என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மில் பெரும்பாலோர்க்கு நடுத்தரச் செயலியே சரியான தேர்வு. கையில் பணமில்லாதவர்க்குச் சொல்லும் ஆறுதலாக இதை எழுதவில்லை. பணம் இருந்தாலும் அதுவே சரியான தேர்வு என்பது என் வாதம். ('செயலி' என்னும் சொல் இன்று கைப்பேசியில் நிறுவும் ஆப்பையும் குறிக்கிறது. இப்பதிவில் அது கணினியின் மையச் செயலியாகிய சிபியுவை மட்டுமே குறிக்கும்.)

மொழியியல் படித்தவன் என்பதால் பெயர்களிலிருந்து தொடங்குகிறேன். இன்டெல் நிறுவனத்தின் கோர் ஐ3, ஐ5, ஐ7, ஐ9. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 3, 5, 7, 9. இவ்வெண்கள் எதையும் அளந்து வைத்தவை அல்ல. ஐ5இல் ஐந்து கோர்கள் இல்லை. ரைசன் 9, ரைசன் 3ஐப் போல் மும்மடங்கு விரைவானதும் அன்று. ஆயினும் எண்களை வரிசையாக அடுக்கிய உடனே நம் மனம் அவற்றை ஏணியாக்கிக்கொள்கிறது. 'சில மாணவர் வந்தனர்' என்று ஒருவர் சொன்னால் 'எல்லோரும் வரவில்லை' என்று நாம் பொருள் கொள்கிறோம். சொல்பவர் அதைச் சொல்லவே இல்லை. பயன்வழியியலில் இதைப் படிநிலை உட்குறிப்பு என்பர். 'ஐ5 வாங்கினேன்' என்பது 'ஐ9 வாங்க இயலவில்லை' என்று காதில் விழுவதும் இவ்வாறே. விற்பனையாளர் சொல்லாமல் விட்டதை நாமே நிரப்பிக்கொள்கிறோம்.

அந்த ஏணியும் ஒரே தலைமுறைக்குள்தான் ஓரளவு நிற்கும். 2016இல் வெளியான மடிக்கணினிச் செயலியான கோர் ஐ7-7500யூவில் இருந்தவை இரண்டு கோர்கள். 2022இல் வெளியான கோர் ஐ5-12400இல் இருப்பவை ஆறு. 'ஐ7' என்ற பெயரை மட்டும் பார்த்துப் பழைய கணினி வாங்குவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இனி, விளையாட்டில் செயலி என்னதான் செய்கிறது? திரையில் தோன்றும் ஒவ்வொரு பிரேமுக்கும் இருவர் உழைக்கின்றனர். எதிரி எங்கே நகர்கிறான், எறிந்த பொருள் எங்கே விழுகிறது, எவற்றை வரைய வேண்டும் என்பவற்றைச் செயலி கணக்கிடுகிறது. அவற்றைப் புள்ளி புள்ளியாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. இருவரில் மெதுவானவர் எவரோ, அவரே மொத்த வேகத்தை முடிவு செய்கிறார். ஓர் எடுத்துக்காட்டு: ஒரு பிரேமுக்குச் செயலி 8 மில்லிநொடியும் கிராபிக்ஸ் கார்டு 14 மில்லிநொடியும் எடுத்துக்கொண்டால், நொடிக்கு ஏறத்தாழ 71 பிரேம்கள் கிடைக்கும். பெரும்பணம் கொடுத்துச் செயலியின் நேரத்தை 5 மில்லிநொடியாகக் குறைத்தாலும் அதே 71தான். அப்பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் செலுத்தி 14ஐ 10 ஆக்கினால் 100 பிரேம்கள். திரையின் நுணுக்கம் கூடும்போது இவ்வேறுபாடு மேலும் பெருகும். 1080பி திரையில் வரைய வேண்டியவை ஏறத்தாழ 20.7 இலட்சம் புள்ளிகள். 4கே திரையில் அதைப்போல் நான்கு மடங்கு. கூடுதல் சுமை ஏறக்குறைய முழுவதும் கிராபிக்ஸ் கார்டின் மேலேயே விழுகிறது.

அப்படியானால் காணொளி மதிப்பீடுகளில் உயர்நிலைச் செயலிகள் அத்தனை தொலைவு முன்னே நிற்பது எப்படி? ஆய்வு முறையியல் படித்த நமக்கு இது புரியாத புதிரன்று. செயலிகளை ஒப்பிடுவோர், கிடைப்பதிலேயே மிக வலிய கிராபிக்ஸ் கார்டை இணைத்து, 1080பி திரையில் சோதிக்கின்றனர். கிராபிக்ஸ் கார்டு ஒரு தடையாகிவிடாமல் செயலியின் திறனை மட்டும் தனித்துக் காண்பதே நோக்கம். கட்டுப்படுத்தப்பட்ட சோதனைக்கு அது முற்றிலும் சரி. ஆனால் ஆய்வகத்தில் கிடைத்த வேறுபாட்டை அப்படியே களத்துக்குப் பொருத்துவது நம் துறையில் எவ்வளவு பிழையோ, இங்கும் அவ்வளவு பிழை. ஆர்டிஎக்ஸ் 4090 வைத்து அளந்த வேறுபாடு, ஆர்டிஎக்ஸ் 4060 வாங்கவிருப்பவர் வீட்டில் பெரும்பாலும் தென்படாது.

கோர்களின் எண்ணிக்கையும் நம்மை எளிதில் மயக்கும். 1967இல் ஜீன் அம்டால் முன்வைத்த வாதம் இன்றும் நிற்கிறது: ஒரு பணியில் பகிர்ந்து செய்ய இயலாத பகுதி எவ்வளவோ, அதுவே மொத்த வேகத்துக்கு எல்லை. பணியில் பாதியை மட்டுமே பகிர முடியும் எனக் கொள்வோம். ஆறு கோர்கள் அதை 1.71 மடங்கு விரைவாக்கும். பதினாறு கோர்கள் 1.88 மடங்கு. கோர்கள் இரண்டரை மடங்குக்கு மேல் பெருகியும் கிடைத்த ஆதாயம் பத்து விழுக்காடு. விளையாட்டுகள் இத்தகைய பணிகளே. அதனால்தான், எட்டுக் கோர்களும் 96 எம்பி எல்3 கேஷும் கொண்ட ரைசன் 7 7800எக்ஸ்3டி, பதினாறு கோர்கள் கொண்ட ரைசன் 9 7950எக்ஸைப் பெரும்பாலான விளையாட்டுகளில் முந்தியது. முன்னதன் அறிமுக விலை 449 டாலர். பின்னதன் விலை 699 டாலர். விளையாட்டை மட்டும் கருதினால்கூட, விலையில் மேலிருப்பது வேகத்தில் மேலிருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

இப்போது நம் கணக்குக்கு வருவோம். ஆறு கோர்கள் கொண்ட ரைசன் 5 7600இன் அறிமுக விலை 229 டாலர். 7950எக்ஸோடு ஒப்பிட்டால் வேறுபாடு 470 டாலர். அன்றைய மாற்று மதிப்பில், 18 விழுக்காடு ஜிஎஸ்டியைச் சேர்க்காமலேயே, அது இளநிலை ஆய்வாளர் ஒருவரின் மாத உதவித்தொகையாகிய 37,000 ரூபாயைத் தாண்டுகிறது. மத்தியப் பல்கலைக்கழகத்தில் நான்-நெட் உதவித்தொகையாக மாதம் 8,000 ரூபாய் பெறும் தோழர்க்கு ஏறத்தாழ ஐந்து மாத வருவாய். செலவு அதோடு நிற்பதும் இல்லை. 7600இன் பெட்டிக்குள்ளேயே குளிர்விப்பான் வருகிறது. அதன் அறிவிக்கப்பட்ட வெப்ப அளவு 65 வாட். 7950எக்ஸுக்கு அது 170 வாட். குளிர்விப்பானைத் தனியே வாங்க வேண்டும். அதைத் தாங்கும் மதர்போர்டும் மின்வழங்கியும் வேண்டும். இன்டெல் கோர் ஐ9-14900கே உச்சச் சுமையில் 253 வாட் வரை செல்லக்கூடியது. குளிரூட்டி இல்லாத விடுதி அறையில் மே மாதத்தில் அவ்வெப்பம் எங்கே போகும் என்பதை வாங்கும் முன் எண்ணிப்பார்ப்பது நல்லது.

'பல ஆண்டுகள் நிலைக்குமே' என்பது வழக்கமான மறுப்பு. அதற்கு ஏஎம்4 வரலாறே விடை. 2017இல் முதல் ரைசனோடு வாங்கிய மதர்போர்டுகள் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்து, 2022இல் வெளியான 5800எக்ஸ்3டியைப் பொருத்த முடிந்தது. நீண்ட காலம் ஆதரவு தொடரும் சாக்கெட்டில் இன்று நடுத்தரச் செயலியை வாங்கி, ஐந்தாண்டு கழித்து அன்றைய நடுத்தரத்துக்கு மாறுவது, இன்றைய உச்சியை வாங்கிப் பத்தாண்டு காப்பதைவிடச் சிக்கனம். உச்சி நீடித்து உழைக்கும் என்பதும் உறுதியன்று. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளில், குறிப்பாக உயர்நிலை மாதிரிகளில், நிலையின்மைச் சிக்கல் எழுந்ததும், 2024இல் அந்நிறுவனமே உத்தரவாதத்தை ஈராண்டு நீட்டியதும் நாமறிந்தவை.

விதிவிலக்குகள் உண்டு. நொடிக்கு 240 பிரேம்களுக்கு மேல் வேண்டிப் போட்டிகளில் ஆடுவோர், சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2 போன்ற நகர உருவாக்க விளையாட்டுகளில் மூழ்குவோர், முப்பரிமாணக் காட்சிகளைச் செயலியைக் கொண்டே ரெண்டர் செய்து வருவாய் ஈட்டுவோர் ஆகியோர்க்கு வலிய செயலி தேவையே. அவர்களிலும் முதல் வகையினர்க்கு வேண்டியது பெரிய கேஷ். பதினாறு கோர்கள் அல்ல.

மற்றவர்கள் மிச்சப்படும் பணத்தை என்ன செய்யலாம்? முதலில், ஆய்வேட்டையும் களத்தரவையும் காப்புப்படி எடுக்க ஒரு வெளிவட்டு. மின்தடையிலிருந்து காக்க ஒரு யுபிஎஸ். 32 ஜிபி ராம். எஞ்சியது கிராபிக்ஸ் கார்டுக்கு. பேச்சுப் பதிவுகளை எழுத்தாக்கும் விஸ்பர் போன்ற மாதிரிகள் ஓடுவதற்கும் அதுவே உதவும். பிராட், ஈலான் போன்ற மென்பொருள்களுக்கு ஆறு கோர்கள் தாராளம். மூன்றாண்டு சேகரித்த பதிவுகள் ஒரே வட்டில் கிடக்க, பதினாறு கோர்கள் மின்னும் கணினி ஒன்று மேசையில் இருப்பது ஆய்வாளர்க்கு அழகன்று.

இறுதியாக ஒன்று. 'ஆய்வு மாணவர்க்கு விளையாட்டு எதற்கு' என்று கேட்போர் நம் துறைகளில் உண்டு. அந்தக் கேள்விக்கு அஞ்சியே பலர், ஆய்வுக்குத் தேவை என்று சொல்லித் தேவைக்கு மிஞ்சிய செயலியை வாங்குகின்றனர். நாள் முழுதும் நூலகத்தில் உழைத்தவர் இரவில் ஒரு மணிநேரம் விளையாடுவதற்கு எவரிடமும் நியாயம் சொல்ல வேண்டியதில்லை. விளையாடத்தான் வாங்குகிறேன் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டால், எவ்வளவு போதும் என்ற கணக்கும் தெளிவாகிவிடும்.

மாற்றுக் கருத்துள்ளோர் தம் திரை, கிராபிக்ஸ் கார்டு, ஆடும் விளையாட்டு ஆகிய மூன்றையும் குறிப்பிட்டுக் கீழே எழுதுங்கள், உரையாடுவோம்.