தொட்டியில் நாற்று

டில்லிக்குக் குடிவந்த முதல் ஆண்டு, ஊரிலிருந்து அன்னையார் துணியில் முடிந்து அனுப்பிய கத்தரி விதையை ஆடித் திங்களில் விதைத்தோம். ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்று கேட்டு வளர்ந்த நமக்கு வேறு பட்டம் எங்ஙனம் தோன்றும்? எட்டு நாளில் முளை அடர்ந்து எழுந்தது. அடுத்த வாரம் விடாமழை. தொட்டியில் நீர் தேங்க, நாற்றுகள் மண்ணைத் தொடும் இடத்தில் இற்று ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. விதையில் பாதி போயிற்று. அவ்வாண்டு முடியுமுன் அன்னையாரும் காலமானார். முடிச்சில் எஞ்சிய பாதியை இனி அனுப்பித்தர ஒருவரும் இல்லை என்ற நிலையில், மறுமுறை கைவைக்குமுன் இவ்வூர்ப் பருவத்தை விசாரித்தறிந்தோம்.

தமிழகத்தின் பெரும்பகுதியில் ஐப்பசி, கார்த்திகையே பெருமழைக் காலம். டில்லியிலோ ஆடியிலும் ஆவணியிலும் மழை மிகுதி. எனினும் ஆடியைக் குறைகூறுவதற்கில்லை; மழைக்காலத்திலும் இங்கே கத்தரி பயிராகிறது. வடிகாலற்ற தொட்டியும் நெருக்கி விதைத்ததுமே எங்கள் பிழைகள். நாற்றழுகல் என்னும் பூசண நோய் ஈரம் தேங்கிய மண்ணில் பரவும். சாய்ந்த நாற்றை மீட்க இயலாது. வருமுன் காப்பதே வழி.

மாடத்தில் தொட்டி வைப்போர்க்குக் கார்த்திகைத் தொடக்கத்தில் விதைத்துத் தை இறுதியில் நடுவது ஏற்றது. கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றுக்கும் இது பொருந்தும். வெண்டை, அவரை, முள்ளங்கி ஆகியவற்றை நாற்றுவிடாமல் நேரே விதைத்தல் வேண்டும்.

பழைய தகரடப்பாவோ மரப்பெட்டியோ போதும். அடியில் நாலைந்து துளைகள் கட்டாயம். துளைமேல் ஓட்டுச்சில்லு வைத்து, தோட்டமண், மட்கிய தொழு உரம், மணல் மூன்றையும் சமபங்காகக் கலந்து நிரப்புக. 2 அங்குல இடைவெளியில் கோடிட்டு, கால் அங்குல ஆழத்தில் விதையைத் தூவி மூடுக. பூவாளியால் காலையில் மட்டும் நீர் தெளிக்கலாம். மேல்மண் காயாதவரை மறுநீர் வேண்டா. குளிரில் முளைக்கச் சில நாள் மிகும், பொறுத்திருத்தல் வேண்டும். இரண்டு மெய்யிலை விட்டதும் நெருக்கமானவற்றைக் களைந்துவிடுக. மார்கழி, தை இரவுகளில் உறைபனி நாற்றைக் கருக்கிவிடும். ஆகவே மாலையில் பெட்டியை உள்ளே எடுத்து வைத்து, காலையில் வெயிலுக்குக் கொண்டுவருக.

நடுவதற்கு முந்திய ஒரு வாரம் நீரைக் குறைத்து, வெயிலில் இருக்கும் நேரத்தை நாள்தோறும் சிறிது கூட்டுக. இங்ஙனம் பழக்கிய நாற்றே இடமாற்றம் தாங்கும். ஐந்தாறு இலைகளுடன் விரற்கடை ஏழெட்டு உயரம் வந்தால் நடலாம். முதலில் பெட்டியை நனைத்து, தண்டைப் பற்றாமல் வேரோடு ஒட்டிய மண்ணுடன் கரண்டியால் பெயர்த்தெடுத்து, மாலைவேளையில் நடுக. தக்காளியைச் சற்று ஆழ்த்தி நடலாம். புதைந்த தண்டிலும் வேர் விடும். கத்தரியை முன்னிருந்த ஆழத்திலேயே நடுக. 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு செடியே போதும். முதல் மூன்று நாள் நிழல் தருக.

ஊர்விதை இல்லாதார் வருந்த வேண்டா. பீகாரின் பூசாவிலிருந்து 1936-இல் டில்லிக்கு மாறிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ‘பூசா ரூபி’ தக்காளி போன்ற வகைகள் இம்மண்ணுக்குப் பழகியவை.

எஞ்சிய விதையிலிருந்து எங்களுக்குத் தேறியவை ஐந்து செடிகள். பங்குனியில் காய்த்தன. முதற்காயைக் கறிக்குப் பறிக்க மனம் வரவில்லை. செடியிலேயே மஞ்சளாகப் பழுக்கவிட்டு விதையெடுத்து, நிழலில் உலர்த்தி, பழைய துணியிலேயே முடிந்து வைத்தோம். அவ்விதை இன்று நம் சங்கத்து அன்பர் சிலர் மாடங்களிலும் காய்க்கிறது. வேண்டுவோர் கார்த்திகைக்கு முன் கேட்டுப் பெறுக. காய்த்தபின் ஒரு காயை மட்டும் விதைக்கு விடுக.