பாதரசத்துக்கும் தலைவிதியா?

கொடைக்கானலுக்குக் கீழே மலைச்சரிவில் வெள்ளகவி என்றொரு ஊர். அங்கு ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. சாமிகள் குடியிருக்கும் ஊராம்! காலில் கல்லும் முள்ளும் குத்தினாலும் கட்டுப்பாட்டை மீறுவாரில்லை. அதே மலையின் மேலே நடந்த தெர்மாமீட்டர் ஆலையில், தொழிலாளியின் உடம்பைக் காக்க இவ்வளவு கண்டிப்பான கட்டுப்பாடு இருந்ததா என்று கேட்கிறோம்.

அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த அவ்வாலை, 1987 முதல் இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் கையிலிருந்தது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன், பழைய சாமான் கடையில் கிடந்தது வெளிப்பட்டு, 2001 மார்ச்சில் மூடப்பட்டது. வியாதிக்கும் ஆலைக்கும் சம்பந்தமில்லை என்றே கம்பெனி சாதித்து வந்தது. ஆனால் 2016-ல் 591 முன்னாள் தொழிலாளருக்குப் பணம் கொடுக்க இசைந்தது; அதுவும் கருணைத் தொகையாம், உரிமையல்லவாம்!

பாதரசத்துக்கு வாசனையில்லை. சாதாரண உஷ்ணத்திலேயே ஆவியாகி, மூச்சோடு உள்ளே போய், நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், கை நடுங்கும். உடுப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக் குழந்தை வரை வரும். இதைத் தலைவிதி என்று தாயத்துக் கட்டிக்கொண்டால், முதலாளிக்கு இதைவிட லாபமான பக்தி வேறுண்டா?

ஐரோப்பாவில் 1989-ல் பிறந்த உத்தரவின்படி, உயிராபத்துக் கண்டு வேலையிடத்தை விட்டு வெளியேறும் தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது. நம் சங்கங்களோ போனசுக்குக் கொடி பிடித்துவிட்டு, ஆயுத பூஜைக்கு இயந்திரத்துக்குப் பொட்டு வைக்கின்றன!

தோழர்களே, அடுத்த மகஜரில் கூலிக்கு முன்பாக இதை எழுதுங்கள்: வேலை உடுப்பு ஆலையிலேயே துவைக்கப்பட வேண்டும், இரத்தம், சிறுநீர் சோதனை முடிவு தொழிலாளி கையில் தரப்பட வேண்டும், ஆபத்தென்றால் வேலையை நிறுத்தும் உரிமை வேண்டும்.