பின்னாலிருந்து தள்ளும் எஞ்சின்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ரயிலில் போயிருக்கிறீர்களா, சகோதரிகளே? அப்படியானால் ஸ்விட்சர்லாந்தில் ப்ரியென்ஸ் என்னும் ஏரிக்கரைக் கிராமத்தில் இறங்கியதும், "அடடே, இது நம்ம வண்டியல்லவா!" என்பீர்கள். நானும் அப்படித்தான் கூவினேன்.

தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கொண்டு ஏறுகிறது. ரோமன் ஆப்ட் என்ற ஸ்விஸ் எஞ்சினீயர் கண்ட முறை இது. நீலகிரியிலும் இதேதான். ஏற்றத்தில் எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவதும் அப்படியே!

566 மீட்டரில் கிளம்பி 2244 மீட்டரில் உள்ள ரோட்ஹோர்ன் நிலையத்தை அடைய ஏறக்குறைய ஒரு மணி நேரம். கீழே ஏரி, மயில்கழுத்து நிறப் பட்டை விரித்தாற்போல் மின்னுகிறது. பனியாறுகள் அரைத்து அனுப்பும் பாறைமாவு தண்ணீரில் கலந்திருப்பதால் அந்த நிறம். மர வீடுகளோ கொலுப் பொம்மைகளாகச் சிறுத்து விடுகின்றன.

1892-ல் ஓடத் தொடங்கிய ரயில் இது. 1914-ல் யுத்தம் மூண்டது, ரயிலும் நின்றது. 17 வருஷம் பாதை சும்மா கிடந்தது. ஆனால் ஊரார் அதைக் கைவிட்டு விடவில்லை. 1931-ல் மறுபடி ஓட விட்டார்கள். அக்கம்பக்கத்து மலை ரயில்கள் பல மின்சாரத்துக்கு மாறிய பிறகும் இங்கே நீராவி போகவில்லை. 1990-களில் புதிதாகவே நீராவி எஞ்சின்கள் செய்வித்தார்கள். இன்று அந்தப் புகையைப் பார்க்கத்தான் கூட்டம்!

பரணிலிருக்கும் பாட்டியின் வெண்கலப் பானையைப் பழைய பாத்திரக்காரனிடம் போடுமுன், இந்த ரயிலை ஒரு தரம் நினைத்துக் கொள்ளுங்கள்.